எது ஒரு சொல் என்று கேட்டவளுக்கு

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்குப் புதிய மடிக்கணினி கொடுத்தார்கள். உறையைப் பிரித்ததும் வருமே, அந்தப் புதுப் பிளாஸ்டிக் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. கோப்புகளை இறக்கிவிட்டு, ஒரு மருந்துத் தாளின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டச் சொன்னேன். திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வந்தது. ஒரேயொரு காற்புள்ளி மாறியதற்கு, பத்தியே மாறிவிட்டது என்றது. பழைய கணினி இப்படிச் செய்ததே இல்லையே என்று யோசித்தேன். அதில் நீ எழுதி வைத்த ஒரு நிரல் வரி இருந்தது, இதில் இல்லை. நீ போன பிறகும் அந்த வரி தினமும் எனக்காக வேலை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

பழைய கணினியை அன்றே திரும்ப வாங்கி, உள்ளே இருந்ததை அழித்துவிட்டார்கள். ஆகவே உன் வரியை நானே மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. இந்த வாரம் முழுக்க அதுதான் நடக்கிறது. நிரல் எழுதத் தெரியாத நான், நீ எப்படி யோசித்தாய் என்பதை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு முட்டி மோதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சேர்ந்த புதிதில் உன் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். நீ ஆவடி சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து கரையான்சாவடியில் வாடகைக்கு இருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. எழுதியதன் ஒவ்வொரு வடிவத்தையும் மென்பொருளில் பத்திரப்படுத்தி, யார் எதை மாற்றினார்கள் என்று காட்டுவது உன் வேலை. சாயங்காலம் உன் ஸ்கூட்டரில் ஆவடி வரை வந்து, அங்கிருந்து பூந்தமல்லி பஸ் பிடிப்பேன். வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாய். 'லு'வும் 'லூ'வும் ஏன் இவ்வளவு ஒரே மாதிரி, 'ஃ'க்கு ஏன் மூன்று புள்ளி என்று. தமிழ் படித்தவள் நான். ஆனால் அதையெல்லாம் எனக்கு யோசிக்கத் தோன்றியதில்லை.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கான தாள் வந்த நாளைத்தான் சொல்ல வருகிறேன். வெளியே ஒருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்து வாங்கியிருந்தோம். சேர்த்து எழுதியதைப் பிரித்து, பிரித்து எழுதியதைச் சேர்த்து, விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் போட்டு, கவனமாகத்தான் செய்திருந்தார். ஒப்பிட்டால் திரையில் மாறாத வரியே இல்லை. அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும். நம் குழுத் தலைவர் எட்டிப் பார்த்து, "சந்தி திருத்தம்தானம்மா, ஓகே போட்டு அனுப்பிடுங்க" என்றார்.

நீ அனுப்பவில்லை. "இவ்ளோ செவப்புக்குள்ள நெஜமான மாத்தம் ஒண்ணு ஒளிஞ்சிருந்தா எப்டி சார் தெரியும்?" என்று கேட்டாய். அவர் அச்சகத்தில் சொல்லி ஒரு மணி நேரம் வாங்கித் தந்தார்.

முதலில், வரி வரியாக இல்லாமல் சொல் சொல்லாக ஒப்பிடும்படி மாற்றினாய். அப்போதும் பாதித் திரை சிவப்பு. நாற்காலியை என் பக்கம் திருப்பி, "இன்னாமே, இது எத்த ஒரு வார்த்தைன்னு நெனச்சிக்கினு கீது?" என்றாய்.

பார்த்தால், இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பதுதான் அந்த மென்பொருளுக்கு ஒரு சொல். 'கொடுக்கவேண்டும்' என்பதைக் 'கொடுக்க வேண்டும்' என்று பிரித்தால், ஒன்று செத்து இரண்டு பிறந்ததாக அது நினைத்துக்கொள்கிறது. எது ஒரு சொல் என்பதை நாமே சொல்லிக்கொடுக்கலாம், அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்றாய். ஒவ்வொரு குறியையும் தனிச் சொல்லாக வைத்துக்கொள்ளச் சொன்னாய். உடனே எழுத்துகள் உடைந்தன. கொம்பு தனியே, கால் தனியே, மெய்யின் தலையிலிருந்த புள்ளி தனியே, எல்லாம் விதவிதமான நிறத்தில் அந்தரத்தில் தொங்கின. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நமக்கு ஒரு எழுத்து, இதுக்கு ரெண்டு."

பிறகு என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினாய். ஓர் எழுத்தும், அதை ஒட்டி வருகிற குறியும் சேர்ந்து ஒன்று. அதோடு ஒரு விசித்திரத்தையும் கண்டுபிடித்தாய். நாம் சொல்லிக்கொடுத்ததற்குள் அடங்காத எதையும் அது வெற்றிடமாக எடுத்துக்கொள்ளும், மாறினாலும் பொருட்படுத்தாது. இடைவெளியை நாம் சொல்லவில்லை என்பதால், சேர்த்தாலும் பிரித்தாலும் அதற்கு ஒன்றுதான். மறுபடி ஓட்டினாய். திரை வெளுத்துவிட்டது. ஆங்காங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு 'ப்', ஒரு 'க்' மட்டும் பச்சையில்.

தலைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். உனக்கு நிம்மதி வரவில்லை. "ரொம்ப அமைதியா கீதுடீ. எதையோ முழுங்கிக்கினு கீது" என்றாய். ஒரு வரியில் இருந்த எண்ணை வேண்டுமென்றே மாற்றிவிட்டு ஓட்டினாய். திரை அசையவில்லை. நாம் தமிழ் எழுத்தை மட்டும்தானே சொல்லிக்கொடுத்திருந்தோம். எண்களும் புள்ளிகளும் அதற்கு வெறும் காற்று. மாற்றிய எண்ணைப் பழையபடி திருத்திவிட்டு, இடைவெளி தவிர கண்ணில் படுகிற எல்லாவற்றையும் உன் வரியில் சேர்த்தாய்.

இந்த முறை 'மி.லி' என்று இருந்த இடங்களில் நடுப்புள்ளி, நீக்கப்பட்டது என்று சிவப்பாக வந்தது. எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளிகளை யாரோ ஒரே கட்டளையில் மொத்தமாக எடுத்திருந்தார்கள். அதே கட்டளை ஓர் எண்ணுக்குள்ளும் புகுந்திருந்தது. கைக்குழந்தைக்கான அளவில், இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே, சிவப்பாக ஒரு புள்ளி. இரண்டரை மில்லி, இருபத்தைந்து மில்லியாகி இருந்தது.

நீ விரலை வைத்துக் காட்டினாய். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை ஓட்டிக் காட்டும்மா" என்று மட்டும் சொன்னார். அன்று தாள் அச்சுக்குப் போகவில்லை. ஆவடி வரை நீ எதையும் கேட்காமல் வண்டி ஓட்டியது அந்த ஒரு நாள்தான்.

மறு வருடம் உனக்குக் காமாலை வந்தது. சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மருத்துவமனையில் சலைன் குழாயைக் காட்டி, இது நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று நர்ஸைக் குடைந்துகொண்டிருந்தாய். அடுத்த வாரம் நீ இல்லை.

சேக்காட்டு வீட்டுக்குப் போயிருந்தபோது, உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணு அங்க இன்னா வேலமா செஞ்சிக்கினு இருந்தா? கேட்டா, உனக்குப் புரியாதும்மான்னு சிரிப்பா" என்றார்.

"பழைய எழுத்துக்கும் புது எழுத்துக்கும் என்ன வித்தியாசம்னு கண்டுபிடிக்கிற வேலைம்மா."

"அத்த கண்ணால பாத்தாத் தெரியாதா?"

"எல்லாம் தெரியாதும்மா" என்று அந்த மருந்துத் தாளைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒரு புள்ளி, அதைப் பார்ப்பதற்காக நீ செய்தது, எல்லாவற்றையும். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலைம்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காபி போட எழுந்து போனார்.

உன் வரியை இன்று ஒருவழியாகக் கட்டி முடித்தேன். உன்னுடையதைப் போலவே இருக்கிறதா என்று தெரியாது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: 'ஸ்ரீ'. கண்ணுக்கு ஒன்றாக இருக்கிறது, என் வரி அதை இரண்டாக வெட்டுகிறது. ஒன்றென்று வைப்பதா, இரண்டென்று விடுவதா? நீ இருந்தால் ஆவடி வரைக்கும் இதுதான் பேச்சாக இருந்திருக்கும்.

திரையைப் பார்த்தபடி வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "இதுக்குள்ள இன்னா கீது?"

பக்கத்து நாற்காலிப் பெண், போன மாதம் சேர்ந்தவள், திரும்பிப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு ஆவடியா?"

சிவகங்கை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பாதி" என்றேன்.