பதினான்கு பேரில் ஒருத்தி தோற்க வேண்டும்

ஜூன் 12, வெள்ளி

மழை. ஏரி தெரியவில்லை. குடை மறந்து போனேன், வழக்கம்போல.

அலுவலகத்தில் அந்த அமெரிக்கத் தேர்தல்தான் பேச்சு. ஒரு காங்கிரஸ் ஆசனம், அதற்கு வேட்பாளராக ஒரே கட்சிக்குள் பதினான்கு பேர் போட்டி. யார் வெல்வார் என்று எங்கள் இணையப் பந்தயத் தளத்தில் வெளிநாட்டு ஆட்கள் பணம் கட்டுகிறார்கள். கேள்வியைச் சந்தேகம் வராமல் எழுதுவதும், முடிவு வந்ததும் ஓம், இல்லை என்று அழுத்தி மூடுவதும் என் வேலை. ஊழியர் கட்டக்கூடாது. கட்டாமலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பட்டியலில் ஏழாவது பெயர் ஒரு பள்ளி அதிபர். என் கஜன் அங்கே அவளுடைய பிரசாரத்தில் வேலை செய்கிறான். மார்ச்சில் சொன்னது: "தோத்தா ஜூலையில வந்திடுவன் மதி. வெண்டா நவம்பர் பொதுத்தேர்தல் வரைக்கும் நிக்கோணும், பிறகு வாஷிங்டன்."

ஆக அவள் வெல்வாள் என்ற பந்தயத்தின் விலை ஏற ஏற, க. தூரமாகிறான். இன்று நூற்றுக்கு 31.

படத்தில் அவளுடைய முகம் பார்த்தேன். நல்ல சிரிப்பு. தோற்றுப் போயேன், தாயே.

ஜூன் 13, சனி

வெயில். வாங்க: பால், கறிவேப்பிலை, சவர்க்காரத்தூள், அம்மாவின் முழங்கால் கிறீம்.

அம்மா டாவோஸிலிருந்து வந்தார். அவர் வேலை செய்யும் ஹோட்டல் சலவை அறையில் இன்று லீவு. கோட்டைக் கழற்றும் முன்பே:

"அவன் எப்ப வாறானாம்?"

"செவ்வாய் தேர்தல் அம்மா. புதன் தெரியும்."

"அமெரிக்காக்காரர் வோட்டுப் போட்டே எனக்கு மருமகன் வரோணும்?"

சிரித்தேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவன் போய் இரண்டு வருடம். அவனுடைய பின்கழுத்தைத் தொட வேண்டும் போலிருக்கிறது. வேறொன்றும் வேண்டாம்.

ஜூன் 15, திங்கள்

புழுக்கம். பக்கத்து மேசை ரேத்தோ கத்தினான்: மூன்றாவது ஆள் விலகல், ஆதரவு ஏழாவதுக்கு! 44.

"உனக்கு என்ன, முகம் வெளுத்துப்போயிருக்கு?"

கோப்பி சரியில்லை என்றேன்.

மாலை க. அனுப்பிய குரல் பதிவு. பின்னால் கூட்டத்தின் இரைச்சல். "மதி, நாங்கள் வெல்லப்போறம்!" எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். திரும்பத் திரும்பக் கேட்டேன். கூடச் சந்தோஷப்பட முடியவில்லை. கெட்டவள் நான்.

ஜூன் 17, புதன்

தோற்றுவிட்டாள்! இரண்டாம் இடம்.

உறுதியான அறிவிப்பு வரும்வரை காத்திருந்து, ஏழாவது பெயருக்கு 'இல்லை' அழுத்தினேன். பஸ்ஸில் எனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தேன் போல, எதிரே இருந்த கிழவர் பதிலுக்குச் சிரித்தார்.

வாங்கியது: மாம்பழம், புதுக் கட்டில் விரிப்பு. நீலம், க.வுக்குப் பிடித்த நிறம். அம்மாவுக்குச் சொன்னேன். "முருகா" என்றுவிட்டு அழத் தொடங்கினார்.

க.விடமிருந்து சத்தமே இல்லை. பாவம், தூங்குவான்.

ஜூன் 18, வியாழன்

மறுபடி மழை.

க. போனில் அழைத்தான். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"வெண்டவர் என்னைத் தன்ர பக்கம் கூப்பிட்டிட்டார், மதி. நவம்பர் வரைக்கும்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓமெண்டிட்டன்."

தோற்றவர்களின் நல்ல ஆட்களை வென்றவர் எடுத்துக்கொள்வார். இதுகூடத் தெரியாமலா? அடுத்தவருடைய கேள்விகளில் ஓட்டை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அவள் வெல்வாளா, வெல்வாளா என்று வசந்தம் முழுக்கத் திரையைப் பார்த்தேன். அவனிடம் கேட்க வேண்டியதை ஒருநாளும் கேட்கவில்லை. பயம்.

இன்று கேட்டேன். "உனக்கு வர விருப்பமோ, கஜன்?"

பின்னால் யாரோ அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். சிரிப்பொலி.

"பாப்பம்" என்றான்.

வேலையில் என்றால் இதற்குப் பொத்தான் இல்லை. ஓம், இல்லை, இரண்டுதான். இந்தக் கேள்வியை மூட வேண்டியதும் நான்தான். அம்மா இரண்டு தடவை போனில் அழைத்துவிட்டார், எடுக்கவில்லை.

கேள்வியை மூடவில்லை. புது விரிப்பை விரித்து, அவனுடைய பக்கத்தையும் இழுத்துச் சரிசெய்தேன்.