இடக்கைப் பக்கம் திரும்பாத பிக்கப்

20 ஏப்ரல் 1996, சனி

நான் முன்னமே சொன்னேன். நத்தார்ப் பண்டிகைக்கே சொன்னேன், இந்தக் கார் உயிர்ப்பு ஞாயிறைக் காணும், அதற்குப் பிறகு ஒரு மாதம் தாங்காது என்று. இன்றைக்கு ரொறன்ரோ லோறன்ஸ் ரோட்டின் நடுவிலே படுத்துவிட்டது. இழுத்துக்கொண்டு போக வந்த வெள்ளைக்காரன், நான் விளக்கம் சொல்லச் சொல்ல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு விளங்கினதோ தெரியாது. மரியாதை இருந்தது.

என் மனுசி மக்டலீனுக்குத்தான் மரியாதை இல்லை. "தெரிஞ்சிருந்தால் ஏனப்பா என்னை அதிலை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

அவளுடைய கவலை காரைப் பற்றி அல்ல. மே 25ஆம் திகதி பிறம்ரனில் கலியாணம். ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கியிருக்கிற ஜெயமலரின் மகளுக்கு. ரோல்ஸ், பற்றிஸ், மத்தியானச் சாப்பாடு எல்லாம் மக்டலீனின் பொறுப்பு. வருடக்கணக்காக பிஸ்கட் பக்ரறியில் பெட்டி மடிக்கிறவளுக்கு இது முதலாவது பெரிய ஓடர். சரிவந்தால் பக்ரறியை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்வாள். சாப்பாடு பிந்தினால், ஜெயமலரின் வாய் ஒன்றே போதும். ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாளுக்குக்கூட எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

"வாகனத்தை என்னட்டை விடு" என்றேன்.

சிலுவை போட்டுக்கொண்டாள்.

27 ஏப்ரல், சனி

வாங்கியாச்சு! பிக்கப்! நீலம். பின்னுக்கு மூடி போட்டது. ஒரு தேரை மடித்து ஏற்றலாம்.

பிறம்ரனில் மகேஸ்வரன் என்பவர் பழைய வாகனம் விற்கிற யாட். வாகனம் அமெரிக்காவில் இருந்து வந்தது. அதன் உரிமைக் கடதாசியில் பெரிய எழுத்தில் ஒரு முத்திரை: ரீபில்ட். இப்படியான கடதாசிக்கு அமெரிக்காவில் ரைற்றில் என்று பெயராம். ரைற்றில் என்றால் பட்டம். எனக்கு இங்கிலிஸ் படிப்பிக்க வேண்டாம். ஆக இந்த வாகனம் பட்டம் வாங்கின வாகனம்.

மற்றவனாக இருந்தால் முழித்துக்கொண்டு நின்றிருப்பான். நான் கொழும்பில் இருந்தவன். அங்கே ஜப்பானில் இருந்து வாற ரீகண்டிஷன் வாகனத்துக்கு என்ன மதிப்பு! ஊரில் ஓடின வாகனத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ரீகண்டிஷன் என்றால் பொம்பிளை பார்க்கப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு போவார்கள். ரீகண்டிஷன் வெறும் துடைப்பும் பூச்சும். ரீபில்ட் என்றால் அடியில் இருந்து திரும்பக் கட்டினது.

மகேஸ்வரனையும் கேட்டேன்: "தம்பி, ரீபில்ட் எண்டால் ரீகண்டிஷனுக்கு ஒரு படி மேலைதானே?"

மனுசன் கடதாசியை மடித்து என் கையில் தந்தார். பிறகு, "அண்ணை, நீங்கள் விளங்கினபடிதான்" என்றார்.

விளங்கினவனை விளங்கினவன் அறிவான்.

28 ஏப்ரல், ஞாயிறு

பூசை முடிந்து வந்து கட்டிடத்துப் பார்க்கிங்கில் பிக்கப்பைக் கழுவினேன். அழுக்கு இல்லை. ஆட்கள் பார்க்கட்டும் என்றுதான். மூன்றாம் மாடி இராசரத்தினம் வந்து, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"அலெக்ஸ், ரீபில்ட் எண்டால் அடிபட்டு நொருங்கினதை ஒட்டினது."

"உமக்கும் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தவங்கள். நீரும் ரீபில்ட்தான். உம்மை நாங்கள் எறிஞ்சுபோட்டமே?"

 மனுசி கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

1 மே, புதன்

விக்ரோறியா பார்க் ரோட்டில் இடக்கைப் பக்கம் திருப்பி வெட்டும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கொஞ்சத்தால் சாவி போட்டதும் ஸ்ராட் வந்தது. புது இடம், கூச்சப்படுகுது போல.

3 மே, வெள்ளி

திரும்பவும். இடக்கைப் பக்கம்தான். பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹோணுக்கு என் பல்லு ஆடியது.

5 மே, ஞாயிறு

வலக்கைப் பக்கம் திரும்பினால் ராசா மாதிரிப் போகுது. நேரே போனாலும் ராசா. இடக்கைப் பக்கம் திரும்பினால் செத்துப்போகுது. இப்படி ஒரு வியாதி உண்டோ? மனுசருக்கு ஒரு பக்கம் விழும், வாதம். வாகனத்துக்கும் வாதம் வருமோ?

மக்டலீனுக்குச் சொல்லவில்லை. அவள் ஜெயமலரோடு தொலைபேசியில்: "இல்லை, பிந்தாது. அவர் புது வாகனம் எடுத்திருக்கிறார்." "புது" என்றதை நான் திருத்தவில்லை.

7 மே, செவ்வாய்

வெக்ஸ்போர்ட்டில் கராஜ் வைத்திருக்கிற ரஸாக்கிடம் கொண்டுபோனேன். ஜக்கில் தூக்கி, கீழே படுத்து, எழும்பி வந்து சிரித்தான்.

"இது ஒரு வண்டி இல்ல அண்ணன், ரெண்டு. முன்பாதி ஒண்டு, பின்பாதி வேறொண்டு. நடுவால வெல்ட் அடிச்சிக் கலியாணம் கட்டி வெச்சிருக்கானுகள்."

"டைவோஸ் ஆகுமோ?"

"வெல்ட் நல்ல வெல்ட். நம்மட சனத்துக்குள்ள கட்டினதவிட உறுதி. பெற்றோல் டாங்கி மட்டும் மூணாவது வண்டிட போல."

வயரைப் பார்த்தான், பெற்றோல் பம்பைப் பார்த்தான், பில்டரை மாற்றினான். பெற்றோல் ஊசி அடியில் கிடக்கிறது, ரோட்டில் நின்றுவிடும் என்று தன் பெற்றோல் கானில் இருந்ததையும் ஊற்றி, ஓட்டிப் பார்க்கப் போனான். இடக்கை, இடக்கை, இடக்கை என்று நாலு தரம் வெட்டி வந்து இறங்கினான். ஒரு இருமல்கூட இல்லை!

"எனக்கு நல்லாத்தான் திரும்புது. உங்களக் கண்டாத்தான் நிக்குது. பேசாம லெப்ட்ல திரும்பாம ஓட்டுங்க."

பகிடிக்குச் சொன்னான். ஆனால் பகிடிக்குள்ளே ஞானத்தைக் கண்டுபிடிக்கிறவன் நான்.

9 மே, வியாழன்

ரஸாக் கைவைத்தும் பயனில்லை. பெற்றோல் குறையக் குறையப் பழையபடி தொடங்கிவிட்டது. ஆனால் நான் வழி கண்டுபிடித்தாச்சு.

ரொறன்ரோ ரோட்டு எல்லாம் சதுரம் சதுரம். மூன்று தரம் வலக்கைப் பக்கம் திரும்பினால் ஒரு இடக்கை. இதை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று நினைக்கிறேன். இன்றைக்கு வேலைக்குப் போய் வந்தேன், ஒரு இடக்கை இல்லை. கொஞ்சம் சுற்று. ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு.

11 மே, சனி

தமிழ்க் கடைக்குப் போனால் வாசல் இடக்கைப் பக்கம். பின்தெருவால் சுற்றி வந்தேன், பார்க்கிங் நிரம்பி இருந்தது. இன்னொரு சுற்று. மூன்றாம் சுற்றில் இராசரத்தினம் வாழைக்காய்ப் பையோடு வாசலில் நின்றார்.

"என்ன அலெக்ஸ், மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் நீர். கடையை வலம் வாறீர்? உள்ளுக்கு இருக்கிறது கருவாடு. மூலஸ்தானம் இல்லை."

நான் கை காட்டிவிட்டு நாலாம் சுற்றும் சுற்றினேன். வீம்புக்கு.

ஆனால் யோசித்துப் பார்த்தால் மனுசன் சரி. வலம் என்றால் வலக்கைப் பக்கம்தானே? இந்தப் பிக்கப் பக்தியான பிக்கப்.

14 மே, செவ்வாய்

பிறம்ரன் மண்டபத்துக்கு வலக்கையாலேயே போகிற பாதையை ரோட்டுப் படத்தில் கீறி முடித்தேன். கொஞ்சம் வளைவு. மிசிசாகா ஒருக்கால் வருகுது. பிறகு இன்னொருக்காலும் வருகுது.

19 மே, ஞாயிறு

பிடிபட்டுப் போனேன்.

மக்டலீனோடு பெரிய சட்டிகள் இரவல் எடுக்கப் போனேன். ரோட்டு வேலை, வலக்கைப் பக்கம் மறிச்சுப் போட்டாங்கள். பொலிஸ்காரன் இடக்கைப் பக்கம் போ போ எண்டு கை காட்டுறான். நான் என்ன செய்ய? வெட்டினன். நிண்டுட்டுது. நடுச்சந்தியிலை! பொலிஸ்காரன் நெத்தியிலை கை வைச்சான்.

மக்டலீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலக்கைப் பாதைப் படத்தையும் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதாலை போனால் பொம்பிளை மாப்பிளைக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் சோறு போய்ச் சேரும்."

பிறகு குனிந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பெற்றோல் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் உந்த ஊசி அடியிலையே கிடக்குமோ?"

ஓம், கிடக்கும். ஒரு தரத்துக்கு ஐந்து டொலருக்கு மேலே பெற்றோல் அடிக்கிற ஆள் நான் இல்லை. விலை இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

"சட்டியைச் சாய்ச்சால் அடியிலை கிடக்கிற குழம்பு ஒரு பக்கம் ஓடும். மற்றப் பக்கத்தாலை அகப்பையைப் போட்டால் என்ன வரும்? காத்துத்தான் வரும்."

வேறு வண்டியின் டாங்கி. இடக்கைப் பக்கம் வெட்ட, இருக்கிற சொட்டுப் பெற்றோலும் மறுபக்கம் ஓடிவிடும். குழாய் காற்றைக் குடிக்கும்! ரஸாக் தன் பெற்றோலை ஊற்றிவிட்டு ஓட்டினான், அதனால்தான் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நானும் கிட்டத்தட்ட இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தனான். அவள் முந்திவிட்டாள்.

20 மே, திங்கள்

டாங்கி நிரப்பினோம். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பில் காசு ஏற ஏற நான் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்தேன். குளிர்.

26 மே, ஞாயிறு

நேற்றைய நாளைச் சரித்திரத்தில் எழுதவேண்டும்.

விடிய எழும்பி, சட்டிகளை ஏற்றி, பழைய கம்பளியால் மூடிக் கட்டினோம். ஸ்ரியறிங்கில் நான். 401 பெருந்தெருவில் ஏறினதும் லொறிகள் தாமாகவே வழி விட்டன. மண்டபத்துக்கு முன்னால் கடைசித் திருப்பம் இடக்கைப் பக்கம், எதிரே லொறிக்குப் பின்னால் லொறி. மக்டலீன் "ஐயோ அப்பா" என்றாள். நான் ஒரு கையால், ஒரே வெட்டு. ரோல்ஸ் ஒன்றுகூட உருளவில்லை. எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி.

வாசலில் நின்ற ஜெயமலர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெள்ளனவோ!" என்றாள். மத்தியானத்துக்குப் பிறகு சட்டியின் அடி தெரிந்தது. மூன்று பேர் மக்டலீனின் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள்.

31 மே, வெள்ளி

மக்டலீன் பக்ரறிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள்.

8 யூன், சனி

இன்றைக்கு இரண்டாவது ஓடர், ஒரு பூப்புனித நீராட்டு விழா. சாப்பாடு இறக்கும்போது, அழைப்பு உள்ளவராக்கும், இராசரத்தினம் வேட்டியோடு வந்து நின்றார். என்னை விட்டுவிட்டு மக்டலீனிடம் கேட்டார்:

"தங்கச்சி, உண்மையைச் சொல்லும். அண்டைக்குப் பிறம்ரனுக்கு இந்த மனுசனோ ஓட்டினது?"

மக்டலீன் பற்றிஸ் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பின்னை ஆர்? அவர்தான். இடக்கைப் பக்கம் ஒரே வெட்டு. நான் பயந்துபோனன்."

இராசரத்தினம் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை.  நான் கதை அளக்கிற ஆள், அது எனக்குத் தெரியும். அவள் என் பொருட்டு அளந்து நான் கண்டதே இல்லை. அளந்தாலும் என்னைவிடத் திறமாக அளக்கிறாள், கண் சிமிட்டல்கூட இல்லை.

ஆகவே 26ஆம் திகதி எழுதினதில் ஒரு திருத்தம். மற்றதெல்லாம் உண்மை. லொறிகள் வழி விட்டதும் ஏறக்குறைய உண்மை.

டாங்கி நிரம்பி இருந்தது. ஒரு குறையும் இல்லை. ஆனால் லோறன்ஸில் முதலாவது இடக்கைத் திருப்பத்தில் என் கை மறுத்துவிட்டது. வலக்கைப் பக்கம் போனேன். சுற்றி வந்தேன். திரும்பவும் அதே லைற், திரும்பவும் வலக்கை. மூன்றாம் தரமும் அதே டோனட் கடையைக் கண்டபோது மக்டலீன் சொன்னாள், கத்தவில்லை, "இறங்குங்கோ அப்பா, கறி ஆறுது."

அவளிடமும் லைசென்ஸ் இருக்கிறது. முதல் தரத்திலேயே எடுத்தவள். நான் எத்தனையாம் தரம் என்பது இங்கே தேவையில்லை.

லோறன்ஸில் இருந்து மண்டபம் வரைக்கும் ஓட்டினது மக்டலீன். அந்தக் கடைசி வெட்டும் அவள் வெட்டினதுதான். ரோல்ஸ் உருளாமல் இருந்தது, தட்டு என் மடியில் இருந்தபடியால். "ஐயோ அப்பா" என்றது நான்.