ஒரு கட்டை கீழே

முருகன்குறிச்சி,
பாளையங்கோட்டை.
27 அக்டோபர் 2025

அன்புள்ள டெல்பினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நலம். நீயும் உன் தம்பி ஜோன்ஸும் அவன் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஐந்து வாரமாக நீ போனை எடுக்கவில்லை. அவனுக்கு அடித்தால், "அக்கா கடக்கரைக்குப் போயிருக்கா அத்தான்" என்கிறான். எந்நேரமும் கடற்கரையிலேயேவா இருக்கிறாய்? வேறு வழி தெரியாமல் பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன்.

கச்சேரிக்கு ஆறு வாரம்கூட இல்லை. டிசம்பர் ஏழு, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி. நோட்டீஸ் அடித்தாயிற்று. நம் பாடகர் குழுவில் அறுபத்துநாலு பேர் இருந்தோம். இப்போது சனிக்கிழமைப் பயிற்சிக்கு நாற்பது பேர் வந்தால் அதிசயம். மேல் குரல் பாடுகிற சொப்ரானோவில் பதினாறு பேர் ஏழாகிவிட்டார்கள். கடைசிப் பகுதியில் உச்சத்துக்கு ஏறிப் பன்னிரண்டு தாள அளவு நீளத்துக்கு இறங்காமல் நிற்க வேண்டிய இடம் வருமே, அங்கே ஏழு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறார்கள். பாட்டாக இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற குமரகுருபரன் வாரம் தவறாமல் போன் செய்கிறார். "அண்ணாச்சி, கோரஸ் தேறுமா தேறாதா? இப்பவே சொல்லிருங்க" என்கிறார். தேறும் என்கிறேன். போனை வைத்ததும் வராதவர்கள் பேரை எழுதிப் பார்க்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தினேன். அதில் எதுவும் என் பேர் சொல்லப்போவதில்லை. காது கேளாமல் போன பிறகு ஒரு ஜெர்மன்காரர் எழுதிய சிம்பொனியை, நம் ஊர்த் தபால்காரரும் நர்சும் பாங்கு மேனேஜரும் சேர்ந்து நின்று பாடினார்கள் என்று ஒரே ஒருதரம் ஆகிவிட்டால் எனக்குப் போதும். நூற்றுப் பதினெட்டுப் பக்கம் நான் டோ ரே மீ என்று சால்ஃபாவில் எழுத, அதற்கடியில் ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் நீ எழுதினாய். அதை நினைத்தாவது வா. நீ வந்து நின்றால் மற்றவர்கள் குரலும் நிற்கும்.

உன்
தேவதாசன்

பி.கு.: பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது?


கூடங்குளம்,
4 நவம்பர் 2025

அன்புள்ள ஜெய்சன் அப்பாவுக்கு,

மாத்திரை அடுப்படியில் மேல்தட்டில், நீல மூடி போட்ட டப்பாவில். ஒன்பது நாளாகச் சாப்பிடாமலா இருக்கிறீர்கள்? எழுதிக் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிற காரியமா அது. புதிதாக வாங்கியிருக்கலாமே.

இங்கே வாடைக்காற்று. நாலு நாளாக ஜோன்ஸ் தொழிலுக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜெய்சன் மஸ்கட்டிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறான். "அப்பாகூட சண்டையாம்மா" என்று கேட்டான். கொஞ்ச நாள் மாமா வீட்டில் இருக்க ஆசையாக இருந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நோட்டீஸ் இருக்கிறது, குமரகுருபரன் இருக்கிறார், உச்சம் இருக்கிறது. செப்டம்பர் இருபதாம் தேதியைக் காணோம். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாடினோம். அந்த இடத்தில் குரல் ஏறவில்லை. நீங்கள் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினீர்கள். "டெல்பின், ஒன் குரல் போயிட்டு. நீ இழுக்கதுலதான் எல்லாரும் சுருதி எறங்கி விழுதாங்க. கீழ்க்கொரலுக்குப் போ, ஆல்ட்டோவுல நில்லு" என்றீர்கள். அறுபத்துநாலு பேரும், வெளியூரிலிருந்து வந்த வயலின்காரர்களும் கேட்டார்கள். நான் இழுத்ததால் விழுந்தவர்கள் இப்போது நான் வந்தால் நிற்பார்களா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இங்கே வந்தபிறகு நான் பாடவே இல்லை. பூசையில்கூட வாயை மட்டும் அசைக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப்பார்த்தால் பயத்தில் தொண்டை அடைக்கிறது. ஏழு மாதம் நம் வீட்டில் அதே இடத்தைப் பிசகில்லாமல் பாடினேனே, ஒரே நாளில் எப்படிப் போகும்? நாகர்கோவிலில் தொண்டை டாக்டரிடம் காட்டினேன். ஒரு குறையும் இல்லை என்கிறார். அப்படியானால் எனக்கு என்னதான் ஆனது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். நான் ஊமையாகிவிட்டது போல இருக்கிறது.

டெல்பின்


பாளையங்கோட்டை,
11 நவம்பர் 2025

என் அன்புள்ள டெல்பின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போன சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தால் எழுதச் சொன்னாய். எனக்குத் தெரியும். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தவன் நான்.

2019 கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் மேல் குரல் எடுத்தபோது உனக்கு உடைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து, "இனி நான் பாடலைங்க" என்று அழுதாய். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த பயிற்சிக்குக் கொண்டுபோன நம் வீட்டுக் கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானை அழுத்தி ஒரு கட்டை இறக்கி வைத்தேன். நீ சிரமமில்லாமல் பாடினாய். "ஏங்க, இன்னைக்குக் குரல் நல்லா இருக்குல்லா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாய். அந்த முகத்தைப் பார்த்தபிறகு சுருதியைப் பழையபடி ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நம் ஆட்கள் சால்ஃபா பார்த்துப் பாடுகிறவர்கள். டோ எந்தக் கட்டையில் இருந்தாலும் அவர்களுக்கு டோதான். ஆறு வருஷமாக நம் குழு மொத்தமும் ஒரு கட்டை கீழேதான் பாடிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் தெரியாது.

கோயில் பாட்டுக்கு அதனால் ஒரு பழுதும் இல்லை. சிம்பொனியை எடுத்தபோதே நான் ஏற்றியிருக்க வேண்டும். ஜூனில் அரைக் கட்டை, ஆகஸ்டில் அரைக் கட்டை என்று திட்டம் போட்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். செப்டம்பர் இருபது வந்துவிட்டது. ஆர்க்கெஸ்ட்ரா இரண்டு கட்டையில் வாசித்தது. நாம் ஒரு கட்டையில் பழகியவர்கள். நீ மட்டுமா விழுந்தாய்? அறுபத்துநாலு பேரும் விழுந்தார்கள். குமரகுருபரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் வாயில் உன் பேர் வந்தது.

அவர்கள் சுருதியை இறக்க மாட்டார்கள். கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லா வாத்தியத்துக்கும் தாள் அச்சடித்திருக்கிறதாம், வயலின்காரர்கள் கை பழகிவிட்டதாம். நான் சத்தமில்லாமல் கீபோர்டைப் பழைய சுருதிக்கே ஏற்றிவிட்டேன். ஏறமுடியாமல் ஒவ்வொருவராக நின்றுபோகிறார்கள். தங்களுக்கும் குரல் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் டெல்பின். வெறும் வீட்டில் கீபோர்டைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு, வந்துவிடு.

தேவதாசன்


கூடங்குளம்,
18 நவம்பர் 2025

ஜெய்சன் அப்பாவுக்கு,

கடிதம் வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஜோன்ஸ் வாங்கிப் படித்துவிட்டு, "அத்தான கையும் காலையும் கட்டிப் போட்ல ஏத்தணும்" என்றான். நான்தான் அடக்கினேன்.

2019-லேயே, 'டெல்பின், வயசாகுது, ஒரு கட்டை இறக்கிக்கிடுவோம்' என்று சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், அவ்வளவுதான். நான் தாங்கமாட்டேன் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். போகட்டும். அந்தப் பொத்தானுக்காக எனக்குக் கோபம் இல்லை. நான் அழக்கூடாது என்றுதானே அழுத்தினீர்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசு இளகத்தான் செய்கிறது.

ஆனால் அறுபத்துநாலு பேர் விழுந்தபோது ஒரே ஒரு பேரைச் சொன்னீர்களே. ஏன் என் பேர்? நான் அங்கேயே எதிர்த்துப் பேசமாட்டேன் என்று தெரியும், அதனால்தானே? இரண்டு மாதமாகக் கிணற்றுக்குள் கிடக்கிறேன். குரல் போனவள் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி உண்மையிலேயே போகப் பார்த்தது.

எனக்கு மன்னிப்பு எழுதி அனுப்ப வேண்டாம். அவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள். பொத்தானை நான்தான் அழுத்தினேன், எல்லாரும் விழுந்தார்கள், டெல்பின் பேரைச் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளும் பாவம், தங்கள் குரலை நினைத்துப் பயந்துபோய்க் கிடப்பார்கள். சொல்லிவிட்டால் நான் வருகிறேன். ஆல்ட்டோவிலேயே நிற்கிறேன். எனக்கும் நம் வீடுதான் வேண்டும். உங்களைப் பிரிந்து நான் ஒன்றும் இங்கே சந்தோஷமாக இல்லை.

டெல்பின்


பாளையங்கோட்டை,
30 நவம்பர் 2025

என் உயிரான டெல்பினுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்றுப் பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். நீ எழுதியபடியே சொன்னேன். சொப்ரானோவில் பாடுகிற ஆவுடைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் பரவி, நின்றுபோனவர்களும் நேற்று ராத்திரியிலிருந்து போன் செய்து வருகிறோம் என்கிறார்கள். ஐம்பத்திரண்டு பேர் உறுதி. உச்சத்தில் முடியாதவர்கள் பாதியில் இறங்கிக்கொள்ளட்டும், வயலின் தாங்கிக்கொள்ளும் என்று குமரகுருபரனும் இறங்கி வந்துவிட்டார்.

நீ பயிற்சிக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. நாலு குரலும் உனக்கு மனப்பாடம். ஞாயிறு ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிடு. ஊதாக் கரை வெள்ளைச் சேலை உன்னிடம்தான் இருக்கிறது. ஆல்ட்டோ இரண்டாம் வரிசையில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். வராமல் இருந்துவிடாதே, என்னால் தாங்க முடியாது.

உன்
தேவதாசன்


கூடங்குளம்,
9 டிசம்பர் 2025

திரு. தேவதாசன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சேலையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி நாலே முக்காலுக்கே வந்துவிட்டேன். வாசலில் ஆவுடைத்தாய் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, சார் எல்லாத்தையும் சொல்லிட்டாவ. கீபோர்டுல ஏதோ பழுதாம்லா. அது தெரியாம நம்ம எல்லாரும் ஒரு கட்ட எறங்கியே பாடிக்கிட்டு இருந்திருக்கோம். சாருக்கே இப்பதான் தெரிஞ்சுதாம். பாவம், அழுதுட்டாவ. நாங்களும் அழுதுட்டோம்."

"என்னைப் பத்தி என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"ஒங்கள ஒண்ணும் சொல்லலியே. ஆனா அன்னைக்குச் சார் சொன்னத நீங்க மனசுல வச்சுக்கிடாதீயக்கா. வயசானா எல்லாருக்கும் கொரல் போகத்தான செய்யும்" என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள். நல்ல பிள்ளை. அவளிடம் உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உடை மாற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், கூட்டம் வந்தபிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நன்றாகப் பாடினார்கள். அதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். முதல் மூன்று பகுதியும் அவர்கள் வாயைத் திறக்காமல் முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தபோது நான் அவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தேன். எழுந்தார்கள். உச்சத்தில் மூன்று குரல் உடைந்தது, நாலு நின்றது. நின்ற நாலும் போதுமானதாக இருந்தது. பக்கத்திலிருந்தவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆல்ட்டோ இரண்டாம் வரிசையில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தீர்கள். நீங்கள் திரும்பித் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தீர்கள். முடிந்ததும் சனம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. நானும் எழுந்து கைதட்டினேன். நீங்கள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். பிறகு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

என் சாமான்களை எடுக்க ஜோன்ஸ் வருவான். அவனோடு சண்டை போடாதீர்கள். ஜெய்சனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்வது லேசான காரியம் இல்லை. உங்களால் முடியாமல் போயிருக்கலாம், அது எனக்குப் புரிகிறது. 'சொல்ல முடியவில்லை டெல்பின்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், அன்றைக்கு உங்கள் முன்னால் வந்து நின்றிருப்பேன்.

டெல்பின்