கடைசி லெவலில் இருப்பவர்

3.7.96, புதன்
தூறல். துணி காயவில்லை. அம்மா ரேஷனுக்குப் போனதும் அண்ணனின் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினேன். பெங்களூர் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனது. அவனே எழுதிய கேம், கேசட்டில். டேப் ரிக்கார்டரில் போட்டால் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே ஏறும். பக்கத்து வீட்டு தனம் அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாடி, ஊட்டுக்குள்ள பூனைய அறுக்கிறியா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

வேறு ஏதோ கிரகம். விண்வெளி ஆள் ஒருவன் திட்டுத் திட்டாகக் குதித்து, ரோபோக்களிடம் மாட்டாமல், லெவல் லெவலாகக் கீழே இறங்கி, மின்னும் கல்லை எடுத்துக்கொண்டு, சுரங்கத்தில் ஆள் ஏற்றும் கூண்டு மாதிரியான கேஜில் மேலே வர வேண்டும். நாலாவது லெவலிலேயே செத்தேன்.

5.7.96, வெள்ளி
கடைசி லெவல்! முதல் தடவை. கல்லுக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருக்கிறார். ரோபோ இல்லை. தலையில் ஹெல்மெட். தோளில் ஒரு வெள்ளைப் புள்ளி. டிவி அழுக்கு என்று தாவணியால் துடைத்தேன், போகவில்லை. அருகில் போனால் எழுந்து பின்னாலேயே வருகிறார். நின்றால் நிற்கிறார். கேஜில் ஒருவருக்குத்தான் இடம். நான் ஏறினேன். அவர் கீழேயே.

சுரங்கத்தில் அப்பா வேலை செய்த லெவலில் பாறை வெடித்து இரண்டு வருடம். உடம்பை எடுக்க முடியாமல் மூடிவிட்டார்கள். அம்மா காரியம் செய்ய விடவில்லை, பொட்டும் எடுக்கவில்லை. "கண்ணால பாக்காம எப்டி இல்லன்றது?" நான் எட்டாவதோடு நின்றதும் அப்போதுதான்.

7.7.96, ஞாயிறு
அண்ணன் வந்தான். அந்த ஆள் யார் என்று கேட்டேன்.
"சும்மா வரைஞ்சது. வுடு." முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அம்மா காதில் விழுந்துவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்து, "காட்டு" என்றாள். வழியில் இரண்டு உயிர் போனது. ஒருவழியாகக் கீழே போனேன். அம்மா திரையில் விரலை வைத்தாள்.
"புள்ளி டிவி அழுக்கும்மா."
"அழுக்கு இல்லடி. துண்டு. எடது தோள்லதான் போடுவாரு."

பிறகு அண்ணனிடம் திரும்பினாள்: "கேஜ்ல ரெண்டு பேரு ஏற்ற மாதிரி பண்ணு."
"அம்மா, இது வெறும் கேமும்மா."
"பண்றா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைப் அடித்தான். கேசட்டில் பதித்தான். மறுபடி இறங்கினேன். இருவரும் ஏறினோம். மேலே வந்த பிறகு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் அண்ணன் எழுதவில்லை. அவர் வெளியே நிற்கிறார், அவ்வளவுதான். அம்மா மெஷினை அணைக்க விடவில்லை.

8.7.96, திங்கள்
காலை ரயிலுக்குக் கிளம்பும்போது அண்ணன் மெதுவாக, "மெஷின் சூடாவுது. அம்மா தூங்கறப்ப ஆஃப் பண்ணிடு. பண்ணா எல்லாம் மறந்துடும். அவரு திரும்ப கீழதான்."
அவன் ஏன் செய்யவில்லை? எனக்கும் முடியவில்லை. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. விசிறியால் வீசிக்கொண்டிருந்தேன்.

9.7.96, செவ்வாய்
மழை. சாயங்காலம் கரண்ட் போனது. அம்மா கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. மெழுகுவத்தி ஏற்றிக் குழம்பைத் தாளித்தாள். கரண்ட் வந்ததும், கடைக்கு அனுப்புவது போல, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:
"சாந்தி, போயி அப்பாவ கூட்டினு வா. சோறு ஆறுது."

கேசட்டைப் போட்டு, மறுபடி கீழே இறங்கிக் கூட்டி வந்துவிட்டேன். வெளியே நிற்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். மழை பலக்கிறது. பல்பு மங்கி மங்கி எரிகிறது.