பிரஜையின் மனைவிக்கு விசா இல்லை

புதுப் பிரஜை அவர்களுக்கு,

சாதம் குக்கரில், குழம்பு அடுப்பின் மேல். சாவி கீழ்வீட்டு அக்காவிடம். அவர் துருவித் துருவிக் கேட்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நேற்று நீங்கள் குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டு வந்து தெருவுக்கே கேக் கொடுத்தபோது, "இனி உனக்கென்ன குறைச்சல், நீயும் இந்த ஊர்க்காரிதான்" என்று என் கன்னத்தைக் கிள்ளியவர் அவர்தான்.

காலையில் இஸ்திரி போட உங்கள் கோட்டை எடுத்தேன். உள்பையில் குடியேற்ற அலுவலகக் கடிதம், மூன்று வாரத்துக்கு முன் வந்தது, நீங்கள் பிரித்துப் படித்தது. என் விசா உங்கள் வேலை அனுமதியில் தொங்குகிறதாம். நீங்கள் பிரஜையானதும் அந்த அனுமதி போய்விடும், கூடவே என் விசாவும். அதற்குள் எனக்குத் தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டுமாம். நான் கேட்டபோதெல்லாம், "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று மழுப்பினீர்கள். கேக்குக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தீர்கள்.

விசா இல்லாதவள் வேலை பார்க்கக் கூடாது. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொல்லி, வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

மேஜை மேல் புது விண்ணப்பம் இருக்கிறது. பிரஜை கையெழுத்துப் போட வேண்டிய பக்கங்களை மடித்து வைத்திருக்கிறேன்.

பி.கு.: குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். ஆறியது உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்று: ஒன்பதாம் பக்கத்தில், இந்தத் திருமண உறவு உண்மையானதா, தொடர்கிறதா என்று இருவரையும் தனித்தனியே கேட்டிருக்கிறார்கள். உங்கள் பதிலைப் பேனாவில் எழுதுங்கள். என்னுடையதைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.