கொசுவுக்கு யார் பிஸ்கட் கொடுத்தது?

பிப்ரவரி 6
ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில்

என் வாலுத் தம்பிக்கு,

இடது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. வலது கை சும்மா இருக்கிறது. அதனால் வழக்கம்போல் உனக்குக் கடிதம். இங்கே போனை எடுத்தால் நர்ஸம்மா முறைக்கிறார்.

இந்த முறையும் ரத்தம் இல்லையென்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். பிறந்ததிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தத்தில் ஓடுகிற வண்டி நான். தள்ளிப்போட்டால் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்குச் சேர்ந்து இப்போதுதான் நிலைகொள்கிறேன். முதலாளி நல்லவர்தான், ஆனால் "அடிக்கடி இப்படின்னா எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு இந்த வேலை வேண்டும்டா. அப்பாவிடம் கேட்காமல் முதல் முறையாக ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு உங்கள் நகரத்து ரத்த வங்கியிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் கல்லூரி ரத்ததானக் குழுவுக்கு இப்போது நீதான் தலைவனாமே! நீ அனுப்பிய அந்தப் போஸ்டரைப் பார்த்தேன். சிவப்புச் சொட்டு, அழுகிற குழந்தை. எனக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஊரையே சிரிக்க வைக்கிறவன் நீ, இதில் போய் ஏன் அழுகிறாய்? சிரிக்க வைத்துக் கூப்பிடு. என்னை மட்டும் அதில் இழுக்காதே.

உன் அக்கா

*

மார்ச் 3
விடுதி

அக்கா,

ஜெயிச்சாச்சு!

நீ சொன்னபடி போஸ்டரையெல்லாம் கிழித்துப் போட்டோம். கறுப்புக் குடையைப் பிரித்து இறக்கை, தண்ணீர்க் குழாயில் மூக்கு. கொசு நான்தான். கேண்டீனில் மேசை மேசையாகப் போய் ஒப்பாரி வைத்தேன்: "நான் ஒரு சொட்டு எடுத்தா பட்டுன்னு அடிக்கிறீங்க. அவங்க ஒரு பை எடுத்தா பல்லைக் காட்டுறீங்க. கேட்டா, 'அவங்க பிஸ்கட் குடுக்கிறாங்க'ன்றீங்க. ஏன்யா, எனக்கு எவன் பிஸ்கட் குடுத்தான்?"

அவ்வளவுதான். காலையில் போட்ட வீடியோ சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லூரிக்கும் போய்விட்டது. பாட்டு போட்டிருக்கிறார்கள், நடனம் ஆடியிருக்கிறார்கள். பேராசிரியர் ஒருவரே வகுப்பில் கொசுக்குரலில் வருகைப்பதிவு எடுத்தாராம்.

ரத்த வங்கி அதிகாரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "தம்பி, கொஞ்சம் கொஞ்சமா, வாராவாரம் அனுப்புங்க" என்று ஒரே பாட்டு. வருகிற கூட்டத்தைப் போய் யாராவது நிறுத்துவார்களா? ஒரே நாள், எல்லாக் கல்லூரியும், சாதனை என்று அறிவித்துவிட்டேன். வரிசை வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனது. பை தீர்ந்து கடைசியில் பலரைத் திருப்பி அனுப்பினோம். கல்லூரி முதல்வர் என்னைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

இனி உன்னை எவனும் திருப்பி அனுப்ப மாட்டான்.

கொசு

*

ஏப்ரல் 24
வீடு

தம்பி,

இந்தக் கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து இல்லை. அங்கே என்னை உட்கார வைக்கவே இல்லை. மூன்று முறை போனேன், மூன்று முறையும் இல்லை என்றுவிட்டார்கள்.

ஏன் என்று கேள். அன்றைக்கு நீங்கள் மலைபோலக் குவித்த ரத்தம் ஒன்றரை மாதம்கூடத் தாங்காதாம். செலவானது போக மிச்சத்தைக் கொட்டிவிட்டார்கள். கொட்டிவிட்டார்கள்டா! கொடுத்தவர்கள் மறுபடி கொடுக்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும். வழக்கமாக முறைவைத்து வருகிறவர்களையும் அந்த ஒரே நாளில் நீ வாரிக்கொண்டு போய்விட்டாய். இப்போது கூப்பிட ஆளில்லை. அந்த ரத்த வங்கி அதிகாரி தலைபாடாய் அடித்துக்கொண்டு சொன்னாரே, காதில் வாங்கினாயா?

நேற்று அச்சகத்தில் தாளின் மேலேயே தலை சாய்ந்துவிட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே தப்பாக விட்டுவிட்டேன். முதலாளி திட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா, உடம்பு சரியானதும் பாக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வார்டில் என்ன நடக்கிறது தெரியுமா? ரத்தம் இல்லை என்று சொன்ன அதே நர்ஸம்மா, என் முகம் வாடியதைப் பார்த்து, சிரிக்கட்டுமே என்று போனை நீட்டினார். உன் கொசு. கட்டிலில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இத்தனை பேரைக் கூப்பிட்டாயே, நீ கொடுத்தாயா?

அக்கா

*

மே 5
விடுதி

அக்கா,

உன் கடிதம் வந்ததும் உன் மேலேயே கோபம் வந்தது. ராப்பகலாக உழைத்தேனே, ஒரு வார்த்தை நன்றி உண்டா என்று நாலு பக்கம் எழுதினேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுத ஒன்றுமில்லை. கிழித்துவிட்டேன்.

இல்லை. கொடுக்கவில்லை. கொசு வேஷத்தில் எப்படிக் கையை நீட்டுவது என்று எல்லாரிடமும் சமாளித்தேன். ஊசி என்றாலே எனக்குப் பயம். சின்ன வயதில் உனக்கு ஊசி ஏற்றும்போதெல்லாம் நான் ஏன் கோமாளித்தனம் பண்ணினேன் என்று நினைக்கிறாய்? உன்னைச் சிரிக்க வைக்க என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் ஆடினேன்.

அன்றைக்கு வரிசையில் திருப்பி அனுப்பியவர்களை அறை அறையாகத் தேடிப் போனேன். "வீடியோ எடுக்கலையா? அப்ப எதுக்கு?" என்று கதவைச் சாத்தினான் ஒருவன். இன்னொருவன் கொசு மாதிரிப் பேசிக் காட்டினால்தான் வருவேன் என்றான், பேசிக் காட்டினேன், அப்புறமும் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாளெல்லாம் அலைந்து கிடைத்தது நாலே பேர். கூட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இப்படித்தான் தம்பி, நாலு நாலா" என்றார். அவர்களோடு நானும் படுத்தேன். ஊசியோடு வந்த ரத்த வங்கி நர்ஸ் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதான அந்தக் கொசு? கையை நீட்டுங்க, இன்னைக்கு எங்க முறை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை நீட்டினேன்.

உனக்குச் சேருகிற வகை ரத்தம் இரண்டு பை வியாழக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும். அதிகாரியே சொன்னார். அச்சகத்து முதலாளியிடம் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிடு. அடுத்த வாரத்துக்கும் ஆள் பார்க்கிறேன்.

இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை. உள்ளே போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் சிரிப்பாய், அழுதுவிட்டேன். இத்தனை வருஷமாக உன் கட்டிலைச் சுற்றிக் குதித்திருக்கிறேன், ஒரு தடவையாவது உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், எழுது.

ரொம்ப வலிக்குமா, அக்கா?

தம்பி