மூடிய பனியிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நம்ம ஊர் போவெட்சில் பனி எப்படி? நான் நலம், தோளில் மட்டும் கொஞ்சம் வீக்கம்.

பதறாமல் படி. போட்டியில் நான் சறுக்குப்பலகையோடு பாறையிலிருந்து குதித்ததும் காலடிப் பனி உடைந்து, என்னை இழுத்துப்போய் மூடிவிட்டது. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. அடுத்து இறங்கவேண்டிய இல்சே, போட்டியை விட்டுவிட்டு நேராக வந்து தோண்டி, முதலில் என் முகத்தை வெளியே கொண்டுவந்தாள்.

“மூச்சு இருக்காடி? ஏதாவது திட்டு, அப்பத்தான் நம்புவேன்.”

“மெதுவா தோண்டு, எருமை. மூக்கு போயிடும்.”

“உன்னால என் முறையே போச்சு,” என்றாள் அழுதுகொண்டே.

அடுத்த வாரம் அதே மலையில் மறுபோட்டி. இருவரும் ஏறுகிறோம்.

கம்பளிக் காலுறையும் உன் பிளம் ஜாமும் அனுப்பு. பனிக்கடியில் கிடந்ததிலிருந்து அமைதி பிடிப்பதில்லை; இரவில் வானொலியை அணைக்காமல்தான் தூங்குகிறேன்.

தபால் வண்டி வந்துவிட்டது. போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்காதே. அன்று கைப்பேசியை மட்டும் பக்கத்தில் வைத்திரு, மலையிலிருந்து கீழே வந்ததும் கூப்பிடுகிறேன்.

உன்
த்யாஷா